ரேஸ் குதிரை ட்ரெய்னர் ஆக வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

வேளச்சேரி_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 24. பி.காம் முடித்துவிட்டுப் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு ஐந்து பர்லாங் சாலைப் பக்கம் போகும்போது கிண்டி ரேஸ் கோர்ஸ் மதில் வரும். எட்டி எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, வாசனை மட்டும் வரும். அந்த வாசனை என்னை விடவே இல்லை.

போன வருடம் நண்பன் ஒருவன் விடியற்காலையில் ட்ராக் வொர்க், அதாவது குதிரைகளின் பயிற்சி ஓட்டம் பார்க்க உள்ளே கூட்டிப் போனான். இருட்டில் முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது, அப்புறம்தான் குதிரை. அன்றிலிருந்து இதே நினைப்பு. ட்ரெய்னர் ஆக வேண்டும். ஜாக்கி ஆசை இல்லை, என் எடை 71 கிலோ.

வீட்டில் ‘சூதாட்டத்துக்குப் போகிறான்’ என்று அம்மா அழுகிறார். எனக்குக் குதிரைக் குடும்பம் கிடையாது, பணமும் கிடையாது. இதற்குப் படிப்பு ஏதாவது இருக்கிறதா? ட்ரெய்னர் என்பவர் உண்மையில் நாள் முழுக்க என்ன செய்கிறார்? உள்ளே இருந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

சும்மா_ஒருவன்:

தம்பி, குதிரையை நம்பி வீட்டை விட்டவர்களைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா மாம்பலத்து வீட்டை கிண்டி ரேஸில் பந்தயம் கட்டித் தொலைத்துவிட்டு வாடகை வீட்டில் செத்தார். பேசாமல் குரூப் 2 எழுது. அம்மா அழ மாட்டார்.

லாயம்_மணி:

மேலே சொன்னவரின் பெரியப்பா பந்தயம் கட்டும் கவுன்டருக்கு முன்னால் நின்றவர். தம்பி கார்த்தி கேட்பது கவுன்டருக்கு அந்தப் பக்கம். இரண்டும் வேறு வேறு ஊர். நான் அந்தப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது 61. அப்பா கிண்டியில் சைஸ். சைஸ் என்றால் குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைத்து, லத்தி அள்ளி, கூடவே படுத்துக்கொள்கிற ஆள். 1974-ல் ரேஸுக்குத் தடை என்று அரசு சட்டம் கொண்டுவந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தது ஞாபகம் இருக்கிறது. நீதிமன்றம் சட்டத்தை நிறுத்தி வைத்ததால் ஓட்டம் நிற்கவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்தது: குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று. அம்மாவிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பார். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு 1979-ல் லாயத்துக்குள் போனேன். முதலில் சைஸ், அப்புறம் ரைடிங் பாய், அதாவது காலையில் பயிற்சிக்குக் குதிரை ஏறுகிற பையன். ஜாக்கி ஆகலாம் என்று ஆசை இருந்தது. இருபது வயதில் தோள் அகன்றுவிட்டது, ஆசை போய்விட்டது. அப்புறம் ஜமேதார், சைஸ்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. 1993-ல் அசிஸ்டன்ட் ட்ரெய்னர். 1999-ல் சொந்த லைசென்ஸ். அதிகபட்சம் 14 குதிரை வைத்திருந்தேன். பன்னிரண்டு வருடத்தில் 38 ஜெயிப்பு. டெர்பி, ஓக்ஸ் என்று கிளாசிக் எனப்படும் பெரிய ஓட்டம் ஒன்றுகூட இல்லை. 2011-ல் மூடிவிட்டேன். பேப்பரில் போட்டோ வந்த ஆள் நான் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

ட்ரெய்னர் என்ன செய்கிறார் என்று கேட்டாய். வெளியே இருப்பவர்கள், ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு ‘ஓடு ஓடு’ என்பவர் என்று நினைக்கிறார்கள். குதிரைக்கு ஓடச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பிறந்த அன்றைக்கே ஓடும். எப்போது ஓட விடக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் சம்பளம்.

விடியற்காலை மூன்றே முக்காலுக்கு என் நாள் தொடங்கும். முதல் வேலை ட்ராக் இல்லை, தீவனத் தொட்டி. டார்ச் அடித்து ஒவ்வொரு பாக்ஸாக, அதாவது குதிரை நிற்கும் அறையாகப் பார்ப்பேன். ராத்திரி வைத்த ஓட்ஸும் கொள்ளும் காலியா, மிச்சமா. நாக்கால் நக்கி மினுமினுப்பாக வைத்திருந்தால் அந்தக் குதிரையைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். காய்ச்சலா, பல்லா, வயிறா, எங்காவது வலியா? வாய் இருந்தால் சொல்லிவிடும், பாவம். அது தொட்டியில் எழுதி வைக்கிறது.

அடுத்து கால். நான்கு கால்களையும் முழங்காலிலிருந்து குளம்புவரை தடவி இறக்க வேண்டும். முன்னங்காலின் பின்பக்கம் ஒரு நரம்பு ஓடும், கயிறு மாதிரி இறுக்கமாக. அது சில்லென்று, விறைப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் சூடு, கொஞ்சம் மெத்தென்று இருந்தால் அன்றைக்கு ட்ராக் கிடையாது. நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ உடம்பு முழு வேகத்தில் போகும்போது ஒரு கணம் அந்த ஒரு கால்மேல்தான் மொத்தமும் நிற்கிறது.

அதற்கு அப்புறம்தான் மணல் ட்ராக். எந்தக் குதிரைக்கு நடை, எதற்கு ட்ராட் என்கிற துள்ளு நடை, எதற்கு கேன்டர் என்கிற மெதுவான ஓட்டம், எதை வேகமாக விடுவது என்று முந்தின நாள் ராத்திரியே எழுதி வைத்திருப்பேன். “கடைசி அறுநூறு மீட்டரை 38 நொடியில் வா, இழுத்துப் பிடித்து வா” என்று பையனிடம் சொல்வேன். அவன் 36-ல் வந்து சிரிப்பான். அவனுக்குச் சந்தோஷம், எனக்கு வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் செலவழிக்க வேண்டியதைப் புதன்கிழமையே செலவழித்துவிட்டான்.

ஊட்டிக் கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அதுதான்.

1994 சீசன். ஏப்ரல் 14, சித்திரை ஒன்றில் ஊட்டி ரேஸ் தொடங்கும். அதற்கு முன்பே சென்னைக் குதிரைகள் லாரியில் மலை ஏறிவிடும். பெரிய ட்ரெய்னர் பெங்களூரில் இருந்தார், ஊட்டியில் பொறுப்பு என் கையில். மூன்று வயதுப் பெட்டைக் குட்டி ஒன்று, லாயத்தில் பாப்பா என்று கூப்பிடுவோம். ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் தொட்டியில் கால்வாசி மிச்சம். ஜமேதார் சொன்னார், “பாப்பா சரியா சாப்பிடல.” மலைத் தண்ணீர், குளிர், புது இடம் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையும் தடவினேன். எல்லாக் காலும் ஒரே மாதிரிதான் இருந்தது. சரி என்றேன்.

ஓட்டத்தில் கடைசி முந்நூறு மீட்டர்வரை பாப்பாதான் முன்னால். அப்புறம் அதன் தலை ஒரு தடவை மேலே போய் இறங்கியது. அவ்வளவுதான். ஜாக்கி பிடித்து நிறுத்திவிட்டு இறங்கிவிட்டான். வலது முன்னங்கால் நரம்பு, வாழைப்பழம் மாதிரி வளைந்து வீங்கியிருந்தது.

மறுநாள் ட்ரெய்னர் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் “கையைக் காட்டு” என்றார். காட்டினேன். விடியற்காலை ஐந்து மணி, ஊட்டி. என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கையோடதான் கால் பார்த்தியா?” என்றார். விரல் மரத்துப் போயிருந்தது. பனிக்கட்டி மாதிரி இருக்கிற கைக்கு எந்தக் காலைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். எது நல்ல சூடு, எது கெட்ட சூடு என்று எப்படித் தெரியும்? அதற்கு அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பாப்பா மறுபடி ஓடவில்லை, குட்டி போடப் பண்ணைக்கு அனுப்பினார்கள். நான் இன்றைக்கும் எந்தக் குதிரையைத் தொடுவதற்கு முன்னாலும் கையை அக்குளில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். சென்னை மே மாதத்திலும். பையன்கள் சிரிப்பார்கள்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிப் பட்டம் எதுவும் இதற்குக் கட்டாயம் இல்லை. ரேஸ் கிளப்பின் ஸ்டூவர்டுகள், அதாவது பந்தயத்தைக் கண்காணிக்கும் பொறுப்பாளர்கள், கொடுப்பதுதான் லைசென்ஸ். ஒரு ட்ரெய்னரிடம் அசிஸ்டன்ட்டாகச் சில வருடம் இருந்து, அவர் உனக்காகப் பேச வேண்டும். நேர்காணல் இருக்கும். ரூல்ஸ் புத்தகம், குதிரை உடம்பு, தீனி, காயம், எல்லாம் கேட்பார்கள். முதலில் கிடைப்பது பெரும்பாலும் பி லைசென்ஸ், குறைந்த குதிரைதான் வைக்கலாம். இன்னொரு வழி ஜாக்கியாக இருந்து வருவது. இந்தியன் டெர்பியை ஜாக்கியாக 8 முறை ஜெயித்த பெஸி ஷ்ராஃப், ஓட்டத்தை நிறுத்திவிட்டு ட்ரெய்னராகி அதிலும் உச்சத்துக்குப் போனார். ட்ரெய்னர் வீட்டுப் பிள்ளைகள் வருவது மூன்றாவது வழி. உனக்கு முதல் வழிதான்.

லைசென்ஸ் வாங்குவது பெரிய விஷயம் இல்லை, குதிரை வாங்கும் முதலாளி கிடைப்பதுதான் பெரிய விஷயம். எம்.ஏ.எம். ராமசாமி மாதிரி நூற்றுக்கணக்கில் கிளாசிக் ஜெயித்த முதலாளிகள் இருந்த ஊர் இது. எனக்குக் கிடைத்தவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குதிரை வாங்கியவர்கள். மாதா மாதம் ஒரு குதிரைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, அதில்தான் சைஸ் சம்பளம், தீனி, லாடம், மருந்து எல்லாம். ஜெயித்தால் பரிசுப் பணத்தில் பத்து சதவீதம் போல நமக்கு. முதலாளி ஒருவர் எட்டு மாதம் பணம் தரவில்லை. போன் எடுக்கவில்லை. குதிரைக்குத் தெரியுமா அது? அது நாலு வேளையும் கேட்கும். மனைவியின் வளையல் போனது அந்த எட்டு மாதத்தில்தான்.

இப்போதைய நிலைமையையும் மறைக்கக் கூடாது. 2017-ல் பந்தயப் பணத்தின் மேல் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது, 2025-ல் அது 40 ஆனது. கவுன்டரில் பணம் குறைந்தால் பரிசு குறையும், பரிசு குறைந்தால் முதலாளி குதிரை வாங்க மாட்டார், ட்ரெய்னரின் பாக்ஸ் காலியாகும். 2024-ல் ஊட்டி மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டது, அதே வருடம் கிண்டி நிலக் குத்தகையும் ரத்து, வழக்கு என்று ஆனது. அதனால் பெங்களூர், ஹைதராபாத், புனே என்று போகத் தயாராக இருந்தால் மட்டும் இறங்கு.

வேப்பேரி_டாக்டர்:

மணி அண்ணன் நரம்பு என்று சொல்வதை நாங்கள் தசைநாண் என்போம். கிழிந்தால் ஆறும், ஆனால் பழைய நார் மாதிரி ஆறாது, தழும்பாகத்தான் சேரும். ஒன்பது மாதம், ஒரு வருடம் ஓய்வு கொடுத்தாலும் மறுபடி அதே இடத்தில் போக வாய்ப்பு அதிகம். பாப்பாவைப் பண்ணைக்கு அனுப்பியது சரியான முடிவு.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனோடு சண்டை. கொள்ளு! ஊறவைக்காமலோ வேகவைக்காமலோ அள்ளிப் போட்டு வயிற்று வலியில் வந்த குதிரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பு பெரிசு, இரைப்பை சின்னது. உள்ளே போனது கீழ்ப்பக்கமாகத்தான் வர வேண்டும், வழியில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இப்போது பல லாயங்களில் பெல்லட் தீனிக்கு மாறிவிட்டார்கள்.

கார்த்தி, நீங்கள் பி.வி.எஸ்சி என்கிற கால்நடை மருத்துவப் படிப்பு படிக்க வேண்டியதில்லை. ஆனால் கொஞ்சம் மருந்து படிக்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் சாம்பிள் எடுப்பார்கள். தடை செய்த பொருள் இருந்தால் யார் கொடுத்தார் என்பது அப்புறம், முதலில் கூண்டில் நிற்பவர் ட்ரெய்னர். காபி, டீயில் இருக்கும் கஃபீனும் தடைதான், சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமினும் தடைதான். பாசத்தில் பையன் ஒருவன் சாக்லேட் கிரீம் பிஸ்கட்டை ஊட்டிவிட்டாலும் மாட்டப்போவது நீங்கள்.

லாயம்_மணி:

டாக்டர் தம்பி, கொள்ளை எங்கள் லாயத்தில் ராத்திரியே ஊறவைத்துவிடுவோம், காலையில் முளை எட்டிப் பார்க்கும். அப்பா சொல்லிக்கொடுத்தது. அள்ளிப் போட்டவன் வேறு யாரோ. குதிரை மசால் என்கிற பச்சைத் தீவனத்தைப் பற்றிச் சண்டை போடாமல் விட்டதற்கு நன்றி.

நியூமார்க்கெட்_செல்வா:

நான் இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் வொர்க் ரைடராக, அதாவது பயிற்சிக்குக் குதிரை ஏறுபவனாக இருக்கிறேன். இது முழுக்கக் குதிரை ஊர், மூவாயிரம் குதிரை பயிற்சியில் இருக்கும். காலையில் குதிரை வரிசை சாலையைக் கடக்கும்போது பஸ்ஸே நின்று வழி விடும். இந்தியப் பையன்கள் இங்கே நிறையப் பேர், பெரும்பாலும் வடக்கிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும்.

இங்கே ட்ரெய்னர் லைசென்ஸுக்குப் பாடத்திட்டமே உண்டு. பிரிட்டிஷ் ரேசிங் ஸ்கூலில் வகுப்பு எடுக்கிறார்கள், குதிரைப் பராமரிப்பு மட்டும் இல்லை, கணக்கு, ஆள் நிர்வாகம், சட்டம் எல்லாம். உங்கள் பி.காம் வீணாகாது. அப்புறம் கோடால்ஃபின் ஃப்ளையிங் ஸ்டார்ட் என்று இரண்டு வருடப் பயிற்சி ஒன்று 2003 முதல் நடக்கிறது. அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, துபாய் என்று சுற்றிக் கற்றுக்கொடுப்பார்கள், செலவு அவர்களுடையது. ஆனால் வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் போலத்தான். குதிரையோடு வேலை செய்த அனுபவம் இல்லாமல் விண்ணப்பம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதனால் அண்ணன் சொன்ன மாதிரி தொட்டியிலிருந்துதான் தொடங்கணும்.

வேளச்சேரி_கார்த்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மணி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வளையல் இடம் வந்ததும் “பார்த்தியா?” என்றார். பாப்பா இடம் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார்.

ஐயா, இரண்டு சந்தேகம். 71 கிலோவோடு குதிரை ஏறாமலேயே ட்ரெய்னர் ஆக முடியுமா? இன்னொன்று, வேலையை உடனே விடணுமா? அப்புறம் உங்களுக்கு வருத்தமா என்று கேட்கலாமா? தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

லாயம்_மணி:

வேலையை விடாதே. ஆறு மாதம் காலையில் வந்துவிட்டு ஒன்பதரைக்கு ஆபீஸ் போ. ட்ராக் ஏழரைக்கெல்லாம் முடிந்துவிடும். முதல் மாதம் நீ ஆபீஸில் தூங்குவாய், இரண்டாம் மாதம் உன் பக்கத்து சீட்டுக்காரர் வாசனை என்று இடம் மாறுவார். மூன்றாம் மாதமும் வந்தால் அப்புறம் பேசலாம்.

ஏற வேண்டும். ஓட்டத்தில் இல்லை, வேகத்துக்கும் இல்லை. நடையிலும் ட்ராட்டிலும் முதுகில் உட்கார்ந்து பார்த்தால்தான், பையன் இறங்கி வந்து “இடது பக்கம் கொஞ்சம் குட்டையா வைக்குது சார்” என்று சொல்லும்போது அவன் என்ன சொல்கிறான் என்று உனக்குப் புரியும். 71 கிலோ அதற்குத் தடை இல்லை. ஒரு ரைடிங் கிளப்பில் சேர்ந்து அடிப்படையைக் கற்றுக்கொள். ரேஸ் குதிரைமேல் முதலில் ஏறினால் விழுவாய், அது உனக்கும் ஆகாது, குதிரைக்கும் ஆகாது.

இன்னொன்றும் படி: ஹேண்டிகேப் பட்டியல், குதிரையின் திறமைக்கு ஏற்ப அது சுமக்க வேண்டிய எடையைச் சொல்வது. ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரைக் கிலோ. ஜெயித்தால் புள்ளி ஏறும், அடுத்த தடவை சேணத்தில் ஈயம் ஏறும். எந்தக் குதிரையை எந்த ஓட்டத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த எடையில் போடுவது என்பது பாதி ட்ரெய்னிங். கணக்குப் படித்தவனுக்கு அது சுலபமாக வரும். எனக்கு வரவே இல்லை. 38 ஜெயிப்பு 60 ஆகியிருக்கும் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள், அவள் பட்டியலை என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

வருத்தமா என்றால், முதலாளி பணத்தில் வருத்தம் உண்டு. மூடின அன்றைக்கு காலி பாக்ஸ்களைப் பார்த்தது பிடிக்கவில்லை. ஆனால் மூன்றே முக்காலுக்கு இன்னமும் தானாக எழுந்துவிடுகிறேன். எழுந்து என்ன செய்ய? தெரிந்த ட்ரெய்னர் ஒருவர் லாயத்துக்குப் போய்விடுவேன். சம்பளம் இல்லை, கால் பார்த்துச் சொல்வேன்.

தனிச் செய்தியில் நம்பர் அனுப்பு, அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். வருவதாக இருந்தால் செவ்வாய் வா, ஞாயிறு வேண்டாம், அன்றைக்கு யாருக்கும் உன்னோடு பேச நேரம் இருக்காது. நாலு மணிக்கு இருக்கணும். சென்ட் போடாதே. செருப்பு வேண்டாம், மூடின ஷூ. பளபள நைலான் ஜாக்கெட் போட்டு வந்து சரசரவென்று சத்தம் போட்டால் இரண்டு வயதுக் குட்டிகள் கூரையைப் பார்த்து எகிறும். பக்கத்தில் போகும்போது தோள் பக்கமாகப் போ, பேசிக்கொண்டே போ, பின்னால் போகாதே.

நகத்தை வெட்டிக்கொண்டு வா. முதல் நாளே கால் தடவச் சொல்வேன்.

சும்மா_ஒருவன்:

மணி சார், செவ்வாய்க்கிழமை நானும் வந்து சும்மா நின்று பார்க்கலாமா? பர்ஸ் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

லாயம்_மணி:

வாங்க. நாலு மணி.